பழைய ஜீப்பில் இருக்கும் ஏஎம் வானொலி அந்த வண்டிக்கே உரியதுதானா?

திருகோணமலையில் பழைய லாண்ட் ரோவரோ வில்லிஸ் ஜீப்போ கைமாறும்போது, விற்பவர் ஏறக்குறையத் தவறாமல் சொல்லும் வசனம் "ரேடியோவும் ஒரிஜினல்தான்" என்பது. வாங்குபவரும் பெரும்பாலும் வானொலியின் முகத்தைத்தான் பார்ப்பார். பளபளப்பு மங்கிய இரண்டு குமிழ்களும், நடுவே எண்கள் வரிசையாக நிற்கும் கண்ணாடியும், அதன் கீழே ஐந்து அழுத்துபொத்தான்களும் இருந்துவிட்டால் நம்பிவிடுவார். ஆனால் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மிக இலகுவாக மாற்றக்கூடிய பொருள்களில் வானொலியும் ஒன்று; இரண்டு நட்டுகளையும் சில வயர்களையும் கழற்றினால் அது கையோடு வந்துவிடும். தகட்டில் வெட்டிய துளை, அந்தத் துளையின் விளிம்பில் படிந்த பெயின்ற், ஏரியல் வயர் சென்ற வழி, வானொலியின் இரைச்சலைத் தடுக்க டைனமோவில் பூட்டிய கொண்டென்சர் ஆகியவற்றை அப்படி மாற்றிவிட முடியாது. ஆகவே வானொலி மூலமானதா என்ற கேள்வியை வானொலியிடம் கேட்பதற்கு முன் வண்டியிடம் கேட்பதே சரியான வரிசை என்பது என் கருத்து.

கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்பட்ட வண்டிகளில் இக்கேள்வி சாதாரணக் கார்களில் உள்ளதைவிடச் சிக்கலானது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட் ரோவர், பண்ணை வேலைக்கான வண்டியாகவே எண்ணப்பட்டது. தொடக்க விலையில் கதவுகளின் மேற்பாதிகூடச் சேர்க்கப்படவில்லை. போர்க்கால வில்லிஸ் ஜீப்பிலிருந்து 1945இல் பிறந்த சிஜே-2ஏ வண்டியும் உழவுக்கும் சுமைக்கும் உதவும் கருவியாகத்தான் விளம்பரப்படுத்தப்பட்டது. இத்தகைய வண்டிகளில் வானொலி தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கும் என எதிர்பார்ப்பதே பொதுவாகத் தவறு. வண்டியை விற்ற முகவரோ, ஊரிலுள்ள வானொலிக் கடைக்காரரோ பிறகு பூட்டிக் கொடுத்ததுதான் வழக்கம். பிரித்தானிய வண்டிகளுக்கு, ஸ்மித்ஸ் நிறுவனமும் இஎம்ஐ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய ரேடியோமொபைல் போன்ற தனி நிறுவனங்களின் பெட்டிகள் இப்படித்தான் வந்து சேர்ந்தன. தொழிற்சாலையே வானொலியைத் தெரிவுப் பொருளாகக் கொடுத்தது பின்னாளில், 1960இல் தொடங்கிய டொயோட்டா எஃப்ஜே40, 1966இல் வந்த ஃபோர்ட் புரோங்கோ போன்ற வண்டிகளில்தான் பரவலாகக் காணப்படுகிறது.

எனவே "மூலமான வானொலி" என்று ஒரே சொல்லால் குறிப்பது போதாது. தொழிற்சாலையில் பூட்டியது ஒரு வகை. வண்டி புதிதாக இருந்தபோதே முகவர் பூட்டியது இரண்டாவது வகை. பழைய லாண்ட் ரோவரைப் பொறுத்தவரை இதைவிட உயர்ந்த தகுதியை எதிர்பார்ப்பதற்கில்லை, இதை மூலமானது என்று அழைப்பதிலும் குற்றமில்லை. வண்டியின் காலத்துக்குப் பொருந்தும் வானொலியைப் பிற்காலத்தில் யாரோ தேடி வாங்கிப் பூட்டியிருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் மூன்றாவது வகைதான். விற்பனையில் நடக்கும் குழப்பத்தின் பெரும்பகுதி, மூன்றாவது வகையை முதலாவது வகையின் விலைக்கு விற்பதில் இருக்கிறது.

வண்டியின் தகட்டைப் பார்ப்பதற்கு டோர்ச் லைற்றும் சிறு கண்ணாடியும் போதும். போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் முன்பலகை நடுவில் மானிகளை மட்டுமே கொண்ட எளிய இரும்புத் தகடு. வானொலிக்கென்று அதில் இடம் விடப்படவில்லை. ஆகவே அதில் வானொலி இருக்குமானால், அது பலகைக்குக் கீழே பிராக்கெட்டில் தொங்க வேண்டும் அல்லது யாரோ தகட்டை வெட்டியிருக்க வேண்டும். லாண்ட் ரோவரின் முதல் இரண்டு தொடர்களில் மானிகள் நடுவில் இருந்தன. 1971இல் வந்த மூன்றாம் தொடரில் அவை சாரதிக்கு நேரே மாறின. எனவே இரண்டாம் தொடர் வண்டிக்கென்று வளைக்கப்பட்ட பிராக்கெட் மூன்றாம் தொடர் வண்டியில் இயல்பாக உட்காராது. கூடுதல் துளைகளும் வாஷர் அடுக்குகளும் தேவைப்பட்டிருந்தால் அவை கண்ணுக்குத் தெரியும். தொழிற்சாலையே இடம் ஒதுக்கிய வண்டிகளில், வானொலி வாங்காதவருக்கு அந்த இடத்தை மூடும் தகடு ஒன்று கொடுக்கப்பட்டது. மூடு தகடு நீண்ட காலம் இருந்த இடத்தில் அதன் ஓரம் பதிந்த கோடு பெயின்ற்றில் தங்கிவிடும். அக்கோடு வானொலியின் முகத்துக்குப் பின்னால் தெரியுமானால், அந்த வண்டி வானொலியில்லாமல் பிறந்தது என்று துணிந்து சொல்லலாம்.

துளையின் விளிம்பு இன்னும் தெளிவாகப் பேசும். பெயின்ற் அடிக்கப்படும் முன் வெட்டிய துளையின் உள்விளிம்பில் அடிப்பூச்சும் மேற்பூச்சும் சுற்றிப் படிந்திருக்கும். பிறகு வெட்டியதில் வெறும் உலோகமோ, துருவோ, ரம்ப வாளின் பற்கள் விட்ட தடமோ இருக்கும். இதே சோதனையை ஏரியல் துளைக்கும் செய்ய வேண்டும். லாண்ட் ரோவரின் உடற்தகடு அலுமினியக் கலவை என்பதால் அது துருப்பிடிக்காது. ஆனால் இரும்பு ஏரியல் அடிப்பகுதியும் அலுமினியமும் தொடுமிடத்தில், உப்புக் காற்றில், அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். உவர்மலையிலோ நிலாவெளியிலோ பல ஆண்டுகள் வெளியே நின்ற வண்டியில், ஏரியலைச் சுற்றி அத்தகைய அரிப்பு எதுவுமில்லாமல் துளை புத்தம் புதிதாகத் தெரிந்தால், ஏரியல் அண்மையில் வந்தது என்று கொள்ளலாம். அரிப்பு இருப்பது மட்டும் வானொலி பழையது என்பதற்குச் சான்றாகாது. ஏரியல் பழையதாகவும் பெட்டி புதியதாகவும் இருக்கும் வண்டிகள் ஏராளம்.

அடுத்தது மின்சாரம். பழைய சிவில் ஜீப்புகள் 6 வோல்ட்டில் இயங்கின. லாண்ட் ரோவர் 12 வோல்ட்டில் இயங்கினாலும், 1967 அளவு வரையில் பற்றரியின் நேர்முனைதான் உடலுடன் இணைக்கப்பட்டது. அதன் பின்னரே எதிர்முனை உடலுக்கு வந்தது. அமெரிக்க ஜீப்பிலும் ஜப்பானிய வண்டிகளிலும் எதிர்முனையே உடலில். எனவே 1962ஆம் ஆண்டு லாண்ட் ரோவரில், எதிர்முனை மட்டும் உடலுக்கு வரும்படி செய்த வானொலி பூட்டப்பட்டிருந்தால், ஒன்று வானொலி பின்னர் வந்தது, அல்லது வண்டியின் மின்னமைப்பே பின்னர் மாற்றப்பட்டது. அறுபதுகளின் பிரித்தானியப் பெட்டிகள் பலவற்றில் முனையை மாற்றிக்கொள்ளும் சிறு செருகியோ இணைப்போ இருக்கும். அது எந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே, அந்தப் பெட்டி கடைசியாக எவ்வகை வண்டியில் வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

இவ்வூருக்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாகவும், சீனன்குடாவில் விமானத் தளமாகவும் இயங்கிய இடம் என்பதால், இங்குள்ள எந்தப் பழைய வண்டிக்கும் ஒரு படைக் கதை சொல்லப்படுவது வழக்கம். தொலைத்தொடர்புக் கருவி ஏற்றுவதற்கென்று செய்யப்பட்ட படை லாண்ட் ரோவர்கள் 24 வோல்ட்டில் இயங்கியவை. அவற்றில் கருவி மேசையும், மட்காட்டின் மேல் பெரிய ஏரியல் தாங்கிகளும் இருந்தன. இவற்றின் எச்சங்களைக் காட்டி, வண்டியில் இன்று இருக்கும் பாட்டுக் கேட்கும் வானொலியும் படையினர் பூட்டியதே என்று வாதிடுவோர் உண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை. 24 வோல்ட் அமைப்பில் 12 வோல்ட் வானொலி நேரடியாக இயங்காது; படை வண்டி சிவில் பாவனைக்கு வந்து மின்னமைப்பு மாற்றப்பட்ட பின்னரே அப்பெட்டி வந்திருக்க முடியும்.

என் பார்வையில் மிக நம்பகமான சான்று, யாரும் கவனிக்காத ஒன்று: இரைச்சல் தடுப்பு. ஏஎம் ஒலிபரப்பில் செய்தி அலையின் உயரத்தில் ஏற்றப்படுகிறது. பொறியின் தீப்பொறியும் டைனமோவின் தூரிகைகளும் உண்டாக்கும் மின்னதிர்வும் அலையின் உயரத்தையே தாக்குவதால், தடுப்பு இல்லாத பெற்றோல் வண்டியில் ஏஎம் வானொலி கேட்கவே முடியாது. ஆகவே வானொலி பூட்டிய முகவர் கூடவே டைனமோவின் முனையிலும் இக்னிஷன் கொயிலின் பற்றரிப் பக்கத்திலும் சிறிய உருளைக் கொண்டென்சர்களைப் பூட்டுவார். பிளக் வயர்களில் தடைமூடிகளைச் செருகுவார். பொனெற்றை உடலுடன் மின்னியல்பாக இணைக்கச் செம்புப் பின்னல் பட்டை ஒன்றைப் போடுவார். அழகுக்காக அண்மையில் பழைய பெட்டி வாங்கிப் பூட்டியவர் இவற்றில் எதையும் செய்திருக்க மாட்டார், ஏனெனில் அவர் அந்த வானொலியைக் கேட்கப்போவதில்லை. பழுப்பேறிய கொண்டென்சரும் அதன் பட்டை இறுகிய அடையாளமும், வயர் கட்டில் மற்ற வயர்களோடு சேர்ந்தே கறுத்துப்போன அதன் இணைப்பும் இருந்தால், இந்த வண்டியில் ஒரு காலத்தில் உண்மையாகவே வானொலி ஒலித்தது என்று நம்பலாம். கொயிலுக்குரிய கொண்டென்சரைத் தொடுமுனைக்குரிய கொண்டென்சருடன் குழப்பிக்கொள்ளக்கூடாது; பின்னது டிஸ்ட்ரிபியூட்டரில் வானொலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருப்பது.

டீசல் வண்டியில் தீப்பொறி இல்லாததால் டைனமோவின் கொண்டென்சர் மட்டும்தான் இருக்கும். ஆனால் இலங்கையில் பெற்றோல் பொறியைக் கழற்றிவிட்டு ஜப்பானிய டீசல் பொறியை இறக்குவது வழமையான வேலை. அப்படிப் பொறி மாறிய வண்டியில், பழைய டைனமோவும் கொயிலும் அவற்றோடு இருந்த சான்றும் போய்விடும். அப்போது முன்தகட்டில் மிஞ்சியிருக்கும் துளைகளையும் வயர் கட்டையும்தான் நம்ப வேண்டியிருக்கும்.

இவ்வளவும் பார்த்த பின்னர் வானொலியின் முகத்துக்கு வரலாம். முகத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெயரை அன்று, எண்களை. அமெரிக்கப் பெட்டியின் கண்ணாடியில் 55 முதல் 160 வரை எண்கள் இருக்கும். அவற்றின் பின்னே ஒரு சுழியைச் சேர்த்தால் கிலோஹேர்ட்ஸ் கிடைக்கும். ஏஎம் என்ற எழுத்து பெரும்பாலும் இருக்காது, ஏனெனில் வேறு அலைவரிசை எதுவும் அப்பெட்டியில் இல்லை. ஏஎம் என்று வலிந்து எழுதப்பட்டிருந்தால் பெட்டி பிந்தியதாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. வலது கோடியில் 160க்குப் பதிலாக 170 வரை எண்கள் சென்றால் சந்தேகத்துக்கே இடமில்லை: அமெரிக்காவில் மத்திய அலை, அதாவது சாதாரண ஏஎம் நிலையங்கள் ஒலிக்கும் பட்டை, 1605 கிலோஹேர்ட்ஸைத் தாண்டி 1705 வரை நீட்டப்பட்டது 1988இல் எடுத்த முடிவுக்குப் பின்னர்தான். அறுபதுகளின் ஜீப்பில் 170 எண்ணுள்ள "ஒரிஜினல்" வானொலி இருக்க முடியாது.

அமெரிக்கப் பெட்டிகளில் காலத்தைக் காட்டும் இன்னொரு குறி, 640, 1240 ஆகிய இரண்டு இடங்களில் உள்ள சிறு முக்கோணங்கள். அணுகுண்டுத் தாக்குதல் எச்சரிக்கைக்காக அந்நாடு ஏற்படுத்திய கொனெல்ராட் என்னும் திட்டத்தின்படி, ஆபத்து நேரத்தில் மக்கள் இந்த இரண்டு அலைகளைத்தான் கேட்க வேண்டும். அதனால் 1953 முதல் 1963 வரை அங்கு விற்பனைக்கு வந்த வானொலிகளில் இக்குறிகள் கட்டாயமாக இருந்தன. முக்கோணங்கள் உள்ள பெட்டி 1947ஆம் ஆண்டு சிஜே-2ஏ வண்டியோடு புதிதாக வந்திருக்க முடியாது. 1966ஆம் ஆண்டுப் புரோங்கோவுக்கும் பொருந்தாது. 1961இல் தொடங்கிய இன்டர்நஷனல் ஸ்கவுட்டின் தொடக்க ஆண்டுகளுக்கு மிகச் சரியாகப் பொருந்தும்.

பிரித்தானியப் பெட்டிகளின் எண்கள் வேறு விதமானவை. அவற்றில் அலைநீளம் மீற்றரில் எழுதப்பட்டிருக்கும்: மத்திய அலைக்கு 200 முதல் 550 வரை, நெட்டலைக்கு 1000 முதல் 2000 வரை. மீற்றரைக் கிலோஹேர்ட்ஸாக மாற்ற 300,000ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். நெட்டலை ஐரோப்பாவில் பயன்பட்டது. இலங்கையில் அது எதற்கும் உதவவில்லை. எனவே நெட்டலையுள்ள பெட்டி திருகோணமலையில் ஓடும் லாண்ட் ரோவரில் இருந்தால், வண்டி இங்கிலாந்தில் பாவிக்கப்பட்டு பெட்டியோடு கப்பலேறியது என்பது ஒரு விளக்கம். பெட்டி மட்டும் அண்மையில் இணையத்தில் வாங்கப்பட்டது என்பது இன்னொரு விளக்கம். இரண்டாவதே அடிக்கடி உண்மையாக இருக்கும். மாறாக, சிற்றலைப் பட்டைகள் கொண்ட ஏற்றுமதிப் பெட்டி ஒன்று இருந்தால் நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுப் படைகளுக்காக நடத்தப்பட்ட ரேடியோ சியாக் நிலையத்தின் சிற்றலைப் பரப்பிகள் 1949இல் ரேடியோ சிலோனுக்கு வந்தன. 1950 செப்டெம்பர் 30இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. இந்நாட்டில் வண்டி வாங்கிய ஒருவர் விரும்பிக் கேட்டிருக்கக்கூடிய பெட்டி, நெட்டலையைவிடச் சிற்றலை உள்ளதுதான். சிற்றலையும் ஏஎம் முறையே என்பதால், அது ஏஎம் வானொலி என்ற வரையறைக்கு வெளியே போவதுமில்லை.

கண்ணாடியின் எண்களும் முள்ளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதையும் சோதிக்கலாம். சென்னை வானொலியின் 720, திருச்சியின் 936 ஆகிய அலைகள் முன்னர் கிழக்குக் கரையில் நன்றாகவே கேட்டன, உப்புநீர் மத்திய அலையை நிலத்தைவிடக் குறைந்த இழப்போடு கடத்துவதால். வலது கோடியில் 1548இல், இங்கேயே அமைந்திருந்த, ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லேயின் மறுஒலிபரப்பு நிலையம் 400 கிலோவாட் வலுவில் ஒலித்தது. இந்த நிலையங்களைத் தெரிந்த பழைய வானொலித் திருத்துநர் முள்ளின் பிழையை அளவுகோல் இல்லாமலே சொல்லிவிடுவார். முள் எண்களோடு பெரிதும் முரண்பட்டால், வேறொரு பெட்டியின் கண்ணாடி இதில் பூட்டப்பட்டிருக்கலாம். வண்டி குலுங்குவதால், கார் வானொலிகளில் தகடுகள் சுழலும் கொண்டென்சருக்குப் பதிலாகச் சுருளுக்குள் இரும்புத்தூள் தண்டு நகரும் முறையே பயன்பட்டது. பெட்டியைத் திறக்கும்போது சுழலும் தகடுகள் தெரிந்தால், அது வீட்டு வானொலியொன்றின் உட்பகுதி என்று கருத இடமுண்டு.

பெட்டியின் உட்புறம் காலத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டும். ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை வால்வுகளும், பற்றரியின் குறைந்த வோல்ட்டை உயர்த்தும் அதிர்வியும் இருந்தன. பெட்டி கனமாக இருக்கும், போட்டவுடன் ரீங்காரம் கேட்கும், சூடேறிய பின்னரே பாட்டு வரும். அதன் பின் சில ஆண்டுகள், 12 வோல்ட்டிலேயே இயங்கும் வால்வுகளும் வெளியீட்டுக்கு ஒரு பெரிய டிரான்சிஸ்டரும் கலந்த பெட்டிகள் வந்தன. அறுபதுகளில் முழுவதும் டிரான்சிஸ்டரானது. பிரித்தானியப் பெட்டியில் ஓசி44, ஓசி45, ஏஎஃப்117 போன்ற, முல்லார்ட் நிறுவனத்தின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தால் நல்ல அறிகுறி. ஏஎஃப்117 குடும்பம் உள்ளே வெள்ளீய இழை வளர்ந்து குறுக்கிணைவதற்குப் பேர்போனது என்பதால், அது மாற்றப்பட்டிருப்பது மோசடியல்ல, திருத்த வேலை. ஜப்பானியப் பெட்டியில் 2எஸ்ஏ, 2எஸ்பி என்று தொடங்கும் எண்கள் டிரான்சிஸ்டரின் பிஎன்பி வகையையும், 2எஸ்சி, 2எஸ்டி என்பன என்பிஎன் வகையையும் குறிக்கும்; முன்னவை நிறைந்த பெட்டி பொதுவாக முந்தியது.

பாகங்களில் அச்சிட்ட திகதிக் குறிகள் இன்னும் கூர்மையானவை. அமெரிக்கப் பாகங்களில் முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்தவரையும், அடுத்தவை ஆண்டையும் வாரத்தையும் காட்டும்: 137 என்றால் சிடிஎஸ், 220 என்றால் ஜென்சன். 1376523 என்று ஒலிக் கட்டுப்பாட்டில் எழுதியிருந்தால், அது 1965ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. அந்தப் பெட்டி அதற்கு முந்திய வண்டியோடு வந்திருக்காது. தயாரிப்பு நிறுவனத்தின் பாக இலக்கமும் உதவும். டொயோட்டாவில் 86120 என்ற ஐந்து இலக்கங்கள் வானொலிப் பெட்டியைக் குறிப்பவை. அதன் பின்னர் 60 என்று தொடர்ந்தால் அது லாண்ட் குரூசருக்கென்று ஒதுக்கிய பாகம், வேறு இலக்கம் தொடர்ந்தால் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றியது. ஃபோர்ட்டின் பாக இலக்கத்தில் முதல் எழுத்து சி என்றால் அறுபதுகள், டி என்றால் எழுபதுகள். அதை அடுத்த இலக்கம் ஆண்டு. 18806 என்பது வானொலி. அந்த ஆண்டு பாகம் வடிவமைக்கப்பட்ட ஆண்டேயன்றிச் செய்யப்பட்ட ஆண்டு அல்ல என்பதால், வண்டி ஓரிரு ஆண்டு பிந்தியதாக இருப்பதில் பிழையில்லை.

இந்த இலக்கங்கள் கடதாசி ஒட்டிலோ, மையால் குத்திய முத்திரையிலோ இருந்தால், கடற்கரைப் பட்டினத்தில் அவை தங்குவது அரிது. தகட்டில் அழுத்திப் பதித்தவை துருவுக்கடியிலும் மிஞ்சும். துருவை உப்புத்தாளால் உரசாமல், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் மெதுவாகத் துடைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடலோர வண்டியில் வானொலியின் பின்தகடு மட்டும் மினுங்கினால், அது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அல்ல.

புதிதாகச் செய்த பழைய தோற்றப் பெட்டிகளைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. யுஎஸ்பி வயரும் எடையின்மையும் காட்டிக்கொடுக்கும். மூலமான பெட்டியின் உள்ளே புதிய எஃப்எம் பலகையை மறைத்து வைப்பதுதான் சிக்கலானது. அதில் முகம், முத்திரை, பாக இலக்கம் எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஸ்பீக்கர் வயர்கள் நான்கு வெளியே வந்தால் உள்ளே ஸ்டீரியோ பலகை உண்டு. பழைய பெட்டிக்கு ஒரு ஸ்பீக்கர்தான். பின்புறத்திலோ ஏரியல் செருகிக்கு அருகிலோ உள்ள சிறு திருகாணியையும் சுற்றிப் பார்க்கலாம். ஏரியலுக்கேற்பப் பெட்டியை ஒத்திசைக்கும் அத்திருகாணியைச் சுற்றும்போது, 1400 அளவில் கேட்கும் மெலிந்த நிலையத்தின் ஒலி கூடிக் குறைந்தால் பழைய உட்பகுதி உயிரோடு இருக்கிறது. எதுவும் மாறாவிட்டால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் விலை பேசக்கூடாது.

சோதிப்பதற்கென்று வானொலியை நேரே பற்றரியில் கொடுப்பது இங்கு நடக்கும் பொதுவான அழிவு. முனை மாறினால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் நொடியில் போய்விடும். முதலில் வண்டியின் எந்த முனை உடலில் இருக்கிறது என்று பார்த்து, பெட்டியின் முனை இணைப்பை அதற்கேற்ப மாற்றி, ஸ்பீக்கரைத் தொடுத்து, சிறிய பியூஸ் வழியாகக் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கரின் தடையும் பெட்டிக்கேற்றதாக இருப்பது அவசியம். அமெரிக்க டெல்கோ பெட்டிகள் 10 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை, பிரித்தானியப் பெட்டிகள் பல 3 ஓமுக்கு. பிறகு விற்பனைத் தாளில், தொழிற்சாலை வானொலி, முகவர் பூட்டிய வானொலி, காலத்துக்குப் பொருந்தும் வானொலி என்ற மூன்றில் எது என்று எழுதி, அதற்கான சான்றாகத் துளையின் விளிம்பு, டைனமோக் கொண்டென்சர், பின்தகட்டு இலக்கம் ஆகியவற்றின் படங்களை வாகனப் பதிவுப் புத்தகத்தின் பிரதியோடு இணைத்துவிட்டால், விலை பற்றிய வாக்குவாதம் பாதியாகக் குறையும்.